திருப்பணியில் வைர வட்டு

ஆலயத் திருப்பணி நிறைவெய்திக் குடமுழுக்கு நிகழும் நன்னாளில், அன்பர்கள் கோபுரத்தின் உயர்வையும் விமானத்தின் பொலிவையும் கண்டு கைகூப்புவர். பொருள் உதவியோரின் பெயர்கள் நன்றியுடன் நினைக்கப்பெறும். கல்லைப் பிளந்தும் அறுத்தும் செதுக்கியும் அப்பொலிவை உண்டாக்கிய கருவிகளை நினைப்பார் மிகச் சிலரே. எனினும், ஒரு கற்றளி ஆயிரம் ஆண்டு நிலைத்து நிற்பதும், அதன் சுவரிலுள்ள பழைய எழுத்து ஒரே பகற்பொழுதில் அழிந்தொழிவதும் கருவியைத் தேர்ந்து கையாளும் அறிவைப் பெரிதும் பொறுத்தன. பல நூற்றாண்டுகளாக உளியே ஆண்ட கற்பணிக் களத்தில், இன்று மின்விசையாற் சுழலும் வைர வட்டு முன்னிடம் பெற்றுள்ளது. பட்டறைகளில் இதனை ‘பிளேடு’ என்றே வழங்குவர். இதன் வரலாறும் இயல்பும், இதனைத் தேர்ந்து பேணும் முறையும், இது செல்லத்தக்க எல்லையும் திருப்பணி செய்வோரும் செய்விப்போரும் அறிந்திருக்க வேண்டுவன. ஆதலின் அவை ஈண்டு முறையே கூறப்படும்.

செங்கல்லிலிருந்து கருங்கல்லுக்கு

தமிழகத்துப் பழங்கோயில்கள் செங்கல்லாலும் மரத்தாலும் சுதையாலும் ஆனவை. மழையும் தீயும் காலமும் அவற்றை அழித்தன. கி. பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டிலே பாறையைக் குடைந்து, பிரமன், சிவபெருமான், திருமால் ஆகிய மூவர்க்கும் கோயில் சமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய நான்குமின்றி அக்கோயில் ஆக்கப்பட்டது என்பதனை அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு பெருமிதத்துடன் கூறுகின்றது. அழியும் பொருளை விட்டு அழியாப் பொருளை நாடிய அரசனின் உள்ளக்கிடக்கை அதனால் விளங்கும்.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுத்த காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலில், அடித்தளத்திற் கருங்கல்லும் அதன்மேல் மணற்கல்லும் இடம்பெற்றன. மணற்கல் உளிக்கு எளிதில் இணங்குவது; நுண்ணிய சிற்பத்துக்கு ஏற்றது. ஆயின் காற்றுக்கும் மழைக்கும் அது அவ்வாறே இணங்கித் தேய்ந்துவிடும். அங்குள்ள சிற்பங்கள் பல உருத்தேய்ந்து நிற்பதனை இன்றுங் காணலாம்.

சோழர் காலத்தில் கருங்கல்லே பெருவழக்காயிற்று. கண்டராதித்த சோழரின் தேவியாரும் உத்தம சோழரின் அன்னையாருமாகிய செம்பியன் மாதேவியார், பத்தாம் நூற்றாண்டில், செங்கல் தளிகள் பலவற்றைக் கற்றளிகளாக்கினார். திருநல்லம் என்னும் கோனேரிராசபுரமும் திருக்கோடிகாவலும் அவற்றுட் சில. பின்னர் முதலாம் இராசராசன் கி. பி. 1010-ல் நிறைவு செய்த தஞ்சைப் பெருவுடையார் கோயில், பதின்மூன்று தளங்களையுடைய விமானத்தோடு முழுதும் கருங்கல்லால் எழுந்தது. அக்கல் தஞ்சை நகரைச் சூழ்ந்த வண்டல் நிலத்திற் கிடைப்பதன்று, தொலைவிலிருந்தே கொணரப்பட்டது.

உளியும் ஆப்பும்

இத்துணைப் பெருங்கற்களைப் பண்டையோர் எவ்வாறு வகிர்ந்தனர்? பாறையில் நேர்கோட்டிலே சிறு குழிகளை வரிசையாக வெட்டி, அவற்றில் ஆப்புகளை அறைந்து, பாறை அக்கோட்டின்வழியே பிளக்குமாறு செய்தனர். அத்தகைய குழிகளின் சுவடுகள் மாமல்லபுரத்துப் பாறைகளில் காணப்படுகின்றன. அவ்வூரில் முற்றுப்பெறாது நிற்கும் பிடாரி இரதங்களும் வலையன்குட்டை இரதமும் குடைவு வேலையின் முறையைக் காட்டுவன. பாறையின் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளைப் பள்ளமாக வெட்டி, இடையிலுள்ள சதுரங்களை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்துள்ளனர்.

ஈண்டு அறியத்தக்க உண்மை ஒன்று உண்டு. கருங்கல்லை உளி அறுப்பதில்லை, நொறுக்குகின்றது. கருங்கல்லிலே வெங்கச்சங்கல் என்னும் படிகக்கல்லும், பெல்சுபார் என்னும் கனிமமும், காக்கைப்பொன் எனப்படும் அப்பிரகமும் கலந்துள்ளன. மோசு என்னும் செருமானிய அறிஞர் 1812-ல் வகுத்த பத்துப் படிக் கடினத் தரத்தில் வெங்கச்சங்கல் ஏழாம் படியில் நிற்பது. சாதாரண எஃகு அதற்குக் கீழ்ப்பட்டது. ஆகவே உளியின் முனை ஒவ்வோர் அடிக்கும் சிறிது மழுங்கும். கல்லிலும் ஒரு துணுக்குத் தெறிக்கும். மழுங்கிய உளியைக் கொல்லன் உலையிலிட்டுத் தட்டித் தோய்ச்சல் ஏற்றித் தருவான். இதனாலேயே கற்பணி நிகழுமிடத்திற் கொல்லுலையும் உடனிருந்தது. கல்தச்சனுடைய கைத்திறனும் கொல்லனுடைய தோய்ச்சலும் சேர்ந்தே கற்றளியை உண்டாக்கின.

உளிவேலை மெல்ல நிகழ்வது. அதனால் ஒரு நன்மையும் உண்டாயிற்று. கையிலே கல்லின் ஓசையும் அதிர்வும் ஏறும். கண்ணுக்குப் புலப்படாத நீரோட்டத்தையும் விரிசலையும் சிற்பி முன்கூட்டியே உணர்ந்துகொள்வான். கல்லைத் தட்டி ஓசையறிந்து ஆண்கல், பெண்கல், அலிக்கல் எனப் பகுத்த சிற்ப நூல் மரபு இவ்வனுபவத்தின் வழி வந்ததே.

மணலும் குருந்தமும் வைரமும்

கல்லை நொறுக்காது அறுக்கும் முறையும் பழமையானதே. எகிப்து நாட்டார் பல்லில்லாத செம்பு வாளைக் கல்லின்மேல் இழுத்து, இடையிலே மணலைப் பெய்து கருங்கல்லை அறுத்தனர். கி. பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம நாட்டுப் பிளினி, சலவைக்கல்லை வாள் அறுப்பதுபோலத் தோன்றினும் உண்மையில் அறுப்பது மணலே என்று குறித்துள்ளார். வாள் மணலைச் சுமந்து செல்லும் ஊர்தி மாத்திரமே. இக்கருத்தே இன்றைய வைர வட்டுக்கும் அடிப்படை.

மணலினும் வலியது குருந்தம். மோசின் தரத்தில் அது ஒன்பதாம் படியில் நிற்பது. ஆங்கில மொழியில் அக்கனிமத்துக்கு வழங்கும் ‘கொரண்டம்’ என்னும் பெயர் நம் குருந்தம் என்னும் சொல்லினின்றே பிறந்தது. தமிழகத்தில் சேலம், நாமக்கல் பகுதிகளில் அது கிடைக்கின்றது. நம் நாட்டு மணிவினைஞர் குருந்தத்தைப் பொடித்து, உருக்கிய அரக்கிற் கலந்து, சாணைச் சக்கரம் வார்த்தனர். அரக்கு துகளைப் பற்றி நிற்கும். துகள் மணியைத் தேய்க்கும். துகள் மழுங்கியபோது அதனைப் பற்றிய அரக்கும் தேய்ந்து, உள்ளிருக்கும் புதிய துகள் வெளிப்படும். பற்றிக்கொள்ளும் பொருள் உரிய அளவிற் தேய்ந்து இடங்கொடுத்தாலன்றி அறுக்கும் துகள் தொழிற்படாது என்னும் நுட்பம் அந்தச் சாணையிலேயே அமைந்திருந்தது.

வைரமோ பத்தாம் படியில் ஒப்பின்றி நிற்பது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரேசில் நாட்டிலே வைரம் கண்டறியப்படும் வரையில், உலகுக்கு வைரம் அளித்த தலையாய நாடு பாரதமே. கிருட்டிணை ஆற்றங்கரையிலுள்ள கொல்லூர்ச் சுரங்கம் புகழ்பெற்றது. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை மதுரை மணிவீதியைக் கூறுமிடத்து வைரத்தின் குற்றங்களையும் குணங்களையும் எடுத்துரைக்கின்றது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மாணிக்கம் விற்ற படலம் மணிகளின் இலக்கணத்தை விரிக்கின்றது. அணிகலனாக மட்டுமன்றிக் கருவியாகவும் வைரம் பயன்பட்டது. வைரச் சிதறல்களை இரும்பிற் பதித்து வலிய கற்களைக் குடைவர் எனப் பிளினி கூறியுள்ளார். கூர்ச்சரத்துக் கம்பாத்து நகர மணிவினைஞர், எஃகு ஊசியின் நுனியில் வைரத் துணுக்குகளைப் பதித்து மணிகளைத் துளையிடும் தொழிலை மரபாகச் செய்து வருகின்றனர்.

வட்டு தோன்றிய வரலாறு

வைரம் அரிய பொருளாதலின், கட்டடக் கல்லை அறுக்க அதனைச் செலவிடுவார் முற்காலத்தில் இலர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரேசில் நாட்டுப் பகியா மாநிலத்திலிருந்து கரிய நிறமுடைய, அணிக்கு உதவாத, ஆயினும் மிக வலிய வைரம் மிகுதியாக வரத்தொடங்கியது. 1862-ஆம் ஆண்டளவில் சுவிட்சர்லாந்து நாட்டுச் செனீவா நகரத்து லெசோ என்பார், அவ்வைரத்தைக் குழாயின் விளிம்பிற் பதித்துப் பாறையைத் துளையிடும் கருவியை அமைத்தார். 1885-ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டிலே பிரோமோல்ட்டு என்பார், வட்டமான எஃகுத் தட்டின் விளிம்பில் வைரங்களைப் பதித்துக் கல்லறுக்கும் வாளாக்கினார். ஒவ்வொரு வைரத்தையும் கையாலேயே பதிக்க வேண்டியிருந்தமையால் அவ்வாள் பெருஞ்செலவுடையதாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் இரண்டு மாற்றங்கள் நேர்ந்தன. முதலாவது, உலோகப் பொடியையும் வைரத் துகளையும் கலந்து அச்சிலிட்டு அழுத்தி, உருகாத அளவிற் சூடேற்றி ஒன்றாக இறுகச்செய்யும் முறை. அரக்குச் சாணையின் நுட்பம் ஈண்டு உலோகத்தில் மறுபிறவி எடுத்தது எனலாம். இரண்டாவது, செயற்கை வைரம். வைரம் தூய கரியே என்பதனைச் சுமித்சன் டெனன்ட்டு என்னும் ஆங்கில அறிஞர் 1797-லேயே மெய்ப்பித்திருந்தார். எனினும், கரியை வைரமாக்கும் வழி ஒன்றரை நூற்றாண்டு கைகூடவில்லை. 1953-ல் சுவீடன் நாட்டு ஆசியா நிறுவனத்தார் அதனைச் செய்து முடித்தும் அப்போது வெளியிடாதிருந்தனர். 1954-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க நாட்டுச் செனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தார் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு அழுத்தமும் பெருவெப்பமும் ஊட்டிச் செயற்கை வைரத்தை ஆக்கி, 1955-ல் உலகுக்கு அறிவித்தனர். இதன் பயனாக வைரத்துகள் மலிந்தது. முன்னர்ப் பெருஞ்சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்குமே உரியதாயிருந்த வைர வட்டு, அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் நம் சிற்பப் பட்டறைகளிலும் கைக்கருவியாக வந்து சேர்ந்தது.

வட்டின் அமைப்பு

வைர வட்டு என்பது முழுவதும் வைரமன்று. நடுவே எஃகுத் தட்டு. அதன் விளிம்பிற் ‘பல்’ எனப்படும் சிறு துண்டுகள். அத்துண்டுகளில் மட்டுமே கோபால்ட்டு, இரும்பு, வெண்கலம் முதலிய உலோகப் பிணைப்பினுள் வைரத்துகள் விரவியிருக்கும். பல்லிற்குப் பல் பள்ளமுடையது ஒருவகை. இது விரைந்து அறுப்பது. விளிம்பு இடையறாது ஓடுவது மற்றொரு வகை. இது ஓரம் சிதறாது அறுப்பது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாய், விளிம்பிற் சாய்வரிகள் உடைய வகையும் உண்டு.

வட்டு சுழலும்போது வெளிப்பட்டு நிற்கும் வைரத்துகள் கல்லைச் சுரண்டும். சுரண்டப்பட்ட கற்பொடி பிணைப்பு உலோகத்தைச் சிறிது சிறிதாகத் தேய்க்கும். வைரம் மழுங்கி உதிரும் தருணத்தில், பிணைப்பும் தேய்ந்து அடுத்த வைரத்தை வெளிக்கொணர வேண்டும். இவ்விரண்டும் ஒத்து நிகழ்வதே நல்ல வட்டின் இலக்கணம். பிணைப்பு மிகவும் வலியதாயின் வைரம் மழுங்கிய பின்னும் அது விடாது. வட்டு வழுவழுப்பாகிக் கல்லின்மேல் வழுக்கும். மிகவும் மென்மையாயின் உழைக்காத வைரமும் உதிர்ந்துபோம். வட்டு நாலைந்து கல்லுக்கும் தாங்காது.

தேர்ந்தெடுக்கும் முறை

மேற்கூறிய இயல்பிலிருந்து பிறக்கும் விதி, கேட்போர்க்கு முதலில் முரணாகத் தோன்றும். வலிய கல்லுக்கு மெல்லிய பிணைப்பும், பொடிந்து உராயும் கல்லுக்கு வலிய பிணைப்பும் கொள்ள வேண்டும். கருங்கல்லின் பொடி நுண்ணியது. அது பிணைப்பை எளிதில் தேய்ப்பதில்லை. ஆகவே விரைந்து தேய்ந்து இடங்கொடுக்கும் மெல்லிய பிணைப்பு அதற்கு வேண்டும். மணற்கல், செங்கல், அண்மையில் இட்ட கான்கிரீட்டு ஆகியன அறுபடும்போது பருமணல் போன்ற பொடியை உதிர்ப்பன. அப்பொடி பிணைப்பை அரித்துத் தின்னும். ஆகவே தேயாது நிற்கும் வலிய பிணைப்பு அவற்றுக்கு உரியது. சலவைக்கல்லும் தரை ஓடும் ஓரம் சிதறும் தன்மையன. அவற்றுக்கு இடையறா விளிம்புடைய வட்டே ஏற்றது. கருங்கல்லுக்கென வாங்கிய வட்டினால் செங்கற் சுவரையும் அறுத்து, ‘இந்த வட்டு நாள் படவில்லை’ எனக் குறைகூறுவது வட்டின் பிழையன்று. வட்டின் உறையிலேயே அது எக்கல்லுக்கு உரியது என்று குறிக்கப்பட்டிருக்கும். விலையை மட்டும் நோக்கி வாங்குவோர் அதனைப் படிப்பதில்லை.

அடுத்து நோக்க வேண்டுவது சுழலும் வேகம். வட்டின் முகத்தில், அது தாங்கத்தக்க மிகுதியான சுற்று எண் பொறிக்கப்பட்டிருக்கும். பொறியின் வேகம் அதனை மீறலாகாது. 100 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வட்டு நிமிடத்துக்கு 11,000 முறை சுழலுமாயின், அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 58 மீட்டர் செல்லும். மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம் அது. 350 மில்லிமீட்டர் வட்டை அதே வேகத்தில் சுழற்றினால் விளிம்பு வேகம் நொடிக்கு 200 மீட்டரைக் கடந்துவிடும். எஃகுத் தட்டு அதனைத் தாங்காது. காப்பு மூடியைக் கழற்றிவிட்டுச் சிறு பொறியிற் பெரிய வட்டைப் பூட்டுவது உயிருக்கு உலை வைக்கும் செயலாகும்.

மூன்றாவது நடுத்துளை. துளையும் பொறியின் தண்டும் சற்றும் ஆட்டமின்றிப் பொருந்த வேண்டும். 20 மில்லிமீட்டர் துளையுள்ள வட்டைச் சிறு தண்டிற் பூட்டும்போது அதற்குரிய வளையத்தை இடாது, கம்பியோ காகிதமோ சுற்றிச் சரிக்கட்டுதல் கூடாது. நான்காவது, பல் தட்டோடு இணைந்த முறை. வெள்ளி கலந்த பற்றுவைப்பால் இணைந்த பல், நீரின்றி அறுக்கும்போது எழும் சூட்டில் இளகிக் கழன்று தெறிக்கக் கூடும். நீரின்றி அறுக்கவும் தக்கது எனக் குறிக்கப்படாத வட்டை நீரின்றிப் பயன்படுத்தலாகாது.

பேணும் முறை

பூட்டுமுன் வட்டின் இருபுறத்து அழுத்துத் தகடுகளைத் துடைத்தல் வேண்டும். அங்கே ஒட்டிய சிறு மணலும் வட்டைக் கோணச் செய்யும். வட்டில் அம்புக்குறி காட்டும் திசையும் பொறி சுழலும் திசையும் ஒன்றாயிருத்தல் வேண்டும். ஒவ்வொரு வைரத்துகளின் பின்னும் பிணைப்பு உலோகம் வால்போல் நின்று அதனைத் தாங்குகின்றது. திசையை மாற்றிப் பூட்டினால் அவ்வால் முன்புறம் ஆகி, தாங்குவாரின்றி வைரம் உதிரும். பூட்டியபின், கல்லில் வையாமல் சிறிது நேரம் வெறுமனே சுழலவிட்டு ஆட்டம் உண்டா என நோக்குக.

அறுக்கும்போது வட்டை அழுத்துதல் கூடாது. பொறியின் எடையே போதும். ஆழமான வெட்டை ஒரே முறையில் முடிக்க முயலாமல், ஆழத்தைச் சிறிது சிறிதாகப் பல முறையிற் கூட்டுக. நேராகவே செல்க, வெட்டினுள் வட்டை வளைத்துத் திருப்பினால் தட்டில் விரிசல் விழும். நீரின்றி அறுக்க நேரின், சில நொடிகளுக்கு ஒரு முறை வட்டை வெளியே எடுத்து, காற்றிற் சுழன்று ஆறவிடுக. வைரத்துக்குப் பகை வெப்பமே. ஏறத்தாழ 700 முதல் 800 பாகை செல்சியசு வெப்பத்திற் காற்றிலே வைரம் எரியத் தொடங்கும், எஞ்சுவது கரிவளியே.

வட்டு அறுக்க மறுத்து, ஓசை மாறி, பொறி மிகத் தெறித்தால் அது வழுவழுப்பாகிவிட்டதென அறிக. அறியாதார் அப்போது மேலும் அழுத்துவர். வட்டு மேலும் சூடேறிக் கெடும். அறிந்தோர் அதனை ஒரு மணற்கல்லிலோ சிமிட்டி மணற்கட்டியிலோ சில முறை ஆழமின்றி ஓட்டுவர். பருமணல் பிணைப்பைத் தேய்க்க, புதிய வைரம் வெளிப்படும். கொல்லன் உளிக்குச் செய்த தோய்ச்சலுக்கு ஒப்பானது இப்பணி. ஒரே கல்லில் மீண்டும் மீண்டும் இவ்வாறு நேர்ந்தால் அக்கல்லுக்கு அப்பிணைப்பு வலியது என்று கொண்டு மென்மையான பிணைப்புள்ள வட்டை நாடுக. வட்டு ஒருபுறம் மிகுதியாகத் தேய்ந்து நீள்வட்டமானால் பொறியின் தாங்கி தேய்ந்திருக்கலாம்; வட்டை மாற்றுமுன் பொறியைச் செப்பனிடுக. பல்லின் அடியில் எஃகு மெலிந்து காணின், கற்சேறு அவ்விடத்தை அரிக்கின்றது என்பது பொருள். நீர் மிகுதியாகப் பாய்ந்து சேற்றை வெளியேற்ற வேண்டும். ஒரு பல் இழந்த வட்டும், தட்டில் மயிரிழை விரிசல் கண்ட வட்டும் அன்றே விலக்கத்தக்கன. எஞ்சிய பற்களைக் கண்டு ஆசைகொள்ளலாகாது. பணி முடிந்தபின் வட்டைக் கழுவித் துடைத்து, பாரம் ஏறாதவாறு தட்டையாகவோ தொங்கவிட்டோ வைக்க வேண்டும்.

பணிசெய்வோரின் மூச்சு

கருங்கல்லின் வெங்கச்சங்கற் கூறு நுண்பொடியாகிக் காற்றிற் கலந்து நுரையீரலிற் படிந்தால், மீளா நோய் ஒன்று உண்டாகும். ‘சிலிக்கோசிசு’ எனப்படும் அந்நோய், 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டிருந்தது. உளியாலும் பொடி எழும். வட்டினாலோ பன்மடங்கு நுண்ணிய பொடி மேகம்போல் எழும். கண்ணுக்குத் தெரியும் பொடியினும் தெரியாத பொடியே ஆழச் சென்று கேடு செய்வது. ஈரத்துணியை முகத்திற் சுற்றிக்கொள்வது அதனைத் தடுப்பதாகாது. நுண்பொடியை வடிகட்டும் தக்க முகமூடி வேண்டும். அதனினும் சிறந்தது நீர். வெட்டுமிடத்தில் இடையறாது நீர் பாய்ந்தால் பெரும்பகுதிப் பொடி எழாமலே சேறாகிப் படியும்; வட்டும் குளிர்ந்து நெடுநாள் உழைக்கும்.

ஆயினும் இங்கே எச்சரிக்கை ஒன்று உண்டு. நீரோடு இயங்குமாறு அமைக்கப்பெறாத மின்பொறியில் புட்டியால் நீரை ஊற்றி அறுக்கும் வழக்கம் பல இடங்களிற் காணப்படுகின்றது. மின்சாரம் கையிற் பாய அதுவே வழியாகும். நீர்க்குழாய் பொருத்திய பொறியும், மின்கசிவு நேர்ந்த நொடியே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவியும் இருந்தாலன்றி நீரோடு அறுத்தல் கூடாது. இவற்றிற்குரிய செலவு திருப்பணிச் செலவின் ஒரு பகுதியேயன்றித் தனிச்செலவன்று. தூபிக்குப் பொன் வேய்வதற்கு முன்வரும் அன்பர்கள், கல்தச்சரின் முகமூடிக்கும் நீர்க்குழாய்க்கும் ஒரு பங்கு ஒதுக்கினால், அதுவும் இறைவன் திருமுன் கணக்கில் ஏறும் கொடையாகும்.

வட்டு செல்லலாகாத இடம்

புதிதாகக் கொணர்ந்த கல்லைச் சதுரிப்பதற்கும், நிலைக்காலும் உத்திரமும் தளவரிசையும் அளவாக நறுக்குவதற்கும், சிலை வடிக்குமுன் மிகுதிக் கல்லைக் கழிப்பதற்கும் வைர வட்டு சிறந்த துணை. மாதக்கணக்கான பணியை நாட்கணக்கிற் குறைக்கின்றது. முதுகு வளையச் சம்மட்டி பிடித்தவர்க்கு இளைப்பாறுதல் தருகின்றது. அதனை முற்றும் விலக்க வேண்டும் என்பது அறிவுடைய கொள்கையன்று. எனினும், வட்டு அறுத்த முகம் வழுவழுப்பானது. பிராகாரத் தரையில் அம்முகத்தையே மேலாக இட்டால் மழைநாளில் வெறுங்காலோடு வலம்வரும் முதியோர் வழுக்கி வீழ்வர். ஆகவே மேல்முகம் உளியாற் கொத்தி முடிக்கப்பட வேண்டும். சிற்பத்தின் இறுதி வடிவும் உளிக்கே உரியது.

வட்டு ஒருபோதும் செல்லலாகாத இடம் பழங்கோயிலின் பழங்கல். பழைய அதிட்டானத்துக் குமுதத்திலும் பட்டிகையிலும் சுவரிலும் எழுத்துகள் உள்ளன. அவற்றின் ஆழம் ஒரு நெல்லின் பருமனும் இராத இடங்கள் பல. மின்கம்பி செல்ல ஒரு பள்ளம் வேண்டும் என்றோ, புதிய தரை பொருந்த ஓரம் குறைய வேண்டும் என்றோ ஒருவர் வட்டை வைப்பாராயின், ஒரு வரி எழுத்து மறைய அரை நிமிடமும் வேண்டுவதில்லை. உளி தவறினால் ஒரு துணுக்குப் போம். வட்டு தவறினால் ஒரு முழம் போம். மீண்டும் ஒட்டுவதற்கு அங்கு எதுவும் எஞ்சாது. எஃகுத் தட்டின் பருமனுள்ள கல் முழுதும் பொடியாகிவிடும்.

அவ்வெழுத்துகள் யாருடையவை? அவை முன்னாளைய கொடையாளர்களுடையவை. தாமும் தம் தமக்கையாரும் தேவியரும் பிறரும் பெருவுடையார்க்குக் கொடுத்தவற்றைத் திருவிமானத்திலே கல்லில் வெட்டுமாறு இராசராசன் ஆணையிட்டான். விளக்கெரிக்க ஆடு கொடுத்தவர், நந்தவனத்துக்கு நிலம் கொடுத்தவர் எனப் பெயரறியா எளியோர் பலரும் நம் கோயிற் சுவர்களில் வாழ்கின்றனர். கல்வெட்டறிஞர் உல்ட்சு முதலானோர் தொகுத்த தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் 1890 முதல் வெளிவந்தன. அதற்கு முன் அழிந்த எழுத்துகள் எத்துணை என எண்ணுவார் எவர்? அன்று கொடுத்தவர் பெயரை அழித்துவிட்டு, இன்று கொடுப்பவர் பெயரைச் சலவைக்கல்லிற் பொறிப்பது தருமமாகாது. இன்றைய பெயரும் ஒருநாள் பழம்பெயராகும் என்பதை உணர்ந்தோர்க்கு இது விளங்கும்.

செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவலிற் செய்தது ஈண்டு நினைக்கத்தக்கது. பழைய கோயிலைக் கற்றளியாகப் புதுப்பித்தபோது, அங்கே தனிக்கற்களில் இருந்த முந்தைய கல்வெட்டுகளைப் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தார். அவை பழைய கல்வெட்டுகளின் படி என்பதனையும் அங்கே எழுதச் செய்தார். அரசியார் நினைத்திருந்தால் தம் கொடையை மட்டும் எழுதி நிறைவடைந்திருக்கலாம். முன்னோர் கொடையைக் காத்து, அதன்பின் தம் பணியைச் செய்தமையால், ஆயிரம் ஆண்டு கடந்தும் அவர் பணி திருப்பணிக்கு இலக்கணமாக நிற்கின்றது. எழுத்துள்ள கல்லைத் தொடுமுன் படியெடுத்தல், தொல்லியல் அறிந்தோரைக் கலந்து உசாவுதல், அகற்றியே ஆகவேண்டிய கல்லுக்கு எண்ணிட்டு மீண்டும் அதே இடத்திற் சேர்த்தல் ஆகியன அவ்விலக்கணத்தின் இன்றைய வடிவங்கள்.

ஆகவே திருப்பணிக் குழுவினர் தம் பட்டறையில் வினவத்தக்கவை மூன்று. இவ்வட்டு இக்கல்லுக்கு உரியதா? இதனைப் பிடிப்பவரின் மூச்சுக்கும் உயிருக்கும் காப்பு உண்டா? இது தொடப்போகும் கல்லில் எழுத்தோ சிற்பமோ உண்டா? இம்மூன்றுக்கும் தக்க விடை கிடைத்தபின் பொறியை இயக்குக. அங்ஙனம் செய்வார் எழுப்பும் கற்றளியில், முன்னோர் பெயரும் இந்நாளைய அன்பர் தொண்டும் ஒருங்கே நிலைபெறும். திருப்பணி செய்தாரும் செய்வித்தாரும் கல்தச்சரும் நலம்பெற்று நீடு வாழ்க.